பிசுக்கு வெள்ளை

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து எப்போதும் கழுத்தில் போட்டிருப்பாள். அதனால் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் 'லென்ஸ் அக்கா'. நான் அங்கே தட்டச்சர். எனக்கு அவள் வைத்த பெயர் 'டைப்பு'. பதினெட்டு வருஷம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

மலைச் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, பெயர் எழுதி வைக்கிற அலுவலகம் அது. மூன்றே அறைகள். முதல் அறையில் அதிகாரி. நடு அறையில் நாங்கள். பின்னறையில் இருபத்திரண்டு இரும்பு அலமாரிகள். திறந்தால் பூச்சி உருண்டை வாசனை கண்ணைக் கரிக்கும். அலமாரிக்குள் தடித்த வெள்ளைத் தாள்கள், ஒவ்வொரு தாளிலும் ஒரு காய்ந்த செடி, வலது கீழ் மூலையில் எங்கே எப்போது யார் எடுத்தது என்கிற சீட்டு. அக்கா முதலில் வந்தது செடிகளைத் தாளில் ஒட்டுகிற வேலைக்கு. பள்ளிப்படிப்போடு நின்றவள். தற்காலிகம் என்று சேர்த்தார்கள். கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தாள்.

சேர்ந்து மூன்றாம் வருஷம் ஒரு காரியம் செய்தாள். பாறை இடுக்கில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூ, இரண்டு விரல் உயரம்கூட இருக்காது. அஞ்சு இதழ், அடியில் மஞ்சள் பொட்டு. எங்கள் பக்கத்து மலைகளில் எங்கே கால் வைத்தாலும் அதுதான். அதன் உறையில் நூற்றுச் சொச்சம் தாள்கள். பழுப்பேறிய தாள்களை மாற்ற அந்த உறையைப் பிரித்தவள், திரும்ப வைக்கும்போது இரண்டு கட்டாக வைத்தாள். பெரிய கட்டு ஒன்று. ஏழே ஏழு தாள் உள்ள சின்னக் கட்டு ஒன்று.

அப்போதிருந்த அதிகாரி கோபக்காரர். "யாரு இதைக் கலைச்சது?" என்று கத்தினார்.

"கலைக்கல சார், பிரிச்சேன். ரெண்டும் வேற வேற."

"இருபது வருஷமா நாங்க எல்லாம் கண்ணை மூடிட்டா பார்த்தோம்?"

"கண்ணைத் திறந்துதான் பார்த்திருப்பீங்க. பூவைப் பார்த்திருப்பீங்க. பூவுக்குக் கீழே பாருங்க சார்."

அவர் பார்த்தார். பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்தில் மயிர் உண்டு. பெரிய கட்டில் அந்த மயிர் வெறும் ஊசி. சின்னக் கட்டில் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பழுப்புப் புள்ளி. பச்சையாக இருக்கையில் அது பிசின் துளி. தொட்டால் விரல் ஒட்டும். காய்ந்தபின் புள்ளி மட்டும் மிஞ்சும். அக்கா அதோடு நிற்கவில்லை. விதையையும் கொட்டிக் காட்டினாள். ஒன்று எண்ணெய் தடவினதுபோல் வழவழப்பு. மற்றது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஏழு தாளும் ஒரே இடத்தில் எடுத்தவை: ஊருக்கு மேலே, மலையின் வடக்குச் சரிவில்.

தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆமாம், வேறு இனம்தான். இதுவரை வேறெங்கும் பதிவாகவில்லை. அதிகாரி கட்டுரை எழுதினார், தன் பெயரில். அக்கா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. லத்தீன் பெயர் இரண்டும் அவள் வாயில் நுழையாது. ஒன்று 'சாதா வெள்ளை', இன்னொன்று 'பிசுக்கு வெள்ளை'. அவ்வளவுதான். அதன்பிறகு எந்தச் சின்னப் பூ வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் போகும். அவள் பென்சிலால் சீட்டில் எழுதுவாள், அதிகாரி மையால் கையெழுத்துப் போடுவார். "என் கண்ணு, உங்க கையெழுத்து. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பெண், இவள்: நாலு பேர் ஒரு ஓட்டு வீட்டில். தம்பி பழைய கல்குவாரியில் பாறை துளைக்கும் இயந்திரம் ஓட்டியவன். கல் தீர்ந்து குவாரி மூடியதும் அந்தத் தெருவே வீட்டில் உட்கார்ந்தது. முதல் வருஷம் வேலை தேடினான். இரண்டாம் வருஷம் தேடுவதை விட்டான். ஒரு நாள் மதியம் அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியை எடுக்க வீட்டுக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. தம்பி பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு அடுப்படியில் கிடந்திருக்கிறான். கை வண்டியில் போட்டு இவளே தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். பிழைத்துக்கொண்டான். ஆனால் தொண்டை வெந்துபோனது. அப்புறம் அவன் பேசினால் காற்றுதான் அதிகம் வரும்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். "எப்படிக்கா இருக்கான்?" என்றேன்.

"இருக்கான். நான் வீட்டுக்குள்ள நுழையறப்போ முதல்ல அவன் நெஞ்சைத்தான் பார்க்கறேன். ஏறி இறங்குதான்னு."

அடுத்த வருஷமே புதுக் குவாரிக்கு ஒரு நிறுவனம் மனுப் போட்டது. இடம், வடக்குச் சரிவு. அரிய செடி எதுவும் அங்கே இல்லை என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவர் மரங்களைப் படித்தவர். முழங்காலுக்குக் கீழே முளைக்கிற எதுவும் அவருக்குப் புல்தான். அதை அவரே ஒப்புக்கொள்வார். நல்ல மனிதர். ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லை.

அவரும் அக்காவும் சரிவுக்குப் போய் வந்தார்கள். அன்று பிற்பகல் அவர் எங்கள் அறைக்கு வந்து, ஈரம் காயாத அந்த வெள்ளைப் பூவை ஒரு காகிதத்தோடு அக்கா மேசையில் வைத்தார்.

"நாலு மணிக்கு ரிப்போர்ட் போகணும்மா. இது என்ன?"

அக்கா கண்ணாடியை எடுத்தாள். வழக்கமாக ஒரு நொடிதான் பார்ப்பாள். அன்று ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"சாதாதான் சார்."

"முன்னாடி ஏதோ வேற இனம்னு கட்டுரை வந்ததே?"

"அது மழையில எடுத்தது சார். ஈரத்துல எல்லாமே கொஞ்சம் பிசுபிசுன்னுதான் இருக்கும். அப்போ எனக்கும் அனுபவம் பத்தல, அவசரப்பட்டுட்டேன்."

"தலைமை அலுவலகமும் ஒத்துக்கிட்டாங்களே?"

"நாம அனுப்பினதை வெச்சுத்தானே சார் பார்த்தாங்க."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நீ சொன்னா சரி" என்று என் பக்கம் திரும்பினார். "அடிங்கம்மா. பொதுவாகக் காணப்படும் இனம், பாதுகாப்பு தேவையில்லை."

நான் அடித்தேன். அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒட்டிக்கொண்டு, மெல்ல விட்டன. பிறகு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தத் தெருவில் என் கணவரின் அண்ணனும் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு தாளிலும் பழைய சீட்டுக்கு மேலே புதுச் சீட்டு ஒட்டி, 'சாதா' இனத்தின் பெயரை எழுதி, தேதி போட்டாள். சின்னக் கட்டைப் பெரிய கட்டோடு சேர்த்துவிட்டாள். அந்தப் பூக்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவள். அவள் ஒன்று என்றால் ஒன்றுதான்.

குவாரி வந்தது. தம்பிக்கு இயந்திரம் திரும்பக் கிடைத்தது. தெருவில் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், பிள்ளைகள் காலில் செருப்பு வந்தது. தம்பி பெண் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினாள் என்று அக்கா என்னிடம் மூன்று தடவை சொன்னாள். அதெல்லாம் பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு வெடி வைப்பார்கள். அலமாரிக் கதவுகள் கடகடவென்று ஆடும். அக்கா கையிலிருக்கும் பசைத் தூரிகை அப்படியே நிற்கும். சத்தம் அடங்கினதும் மறுபடி ஓடும். ஆறு வருஷம், ஒரு நாள்கூட அது நிற்காமல் இருந்து நான் பார்க்கவில்லை.

பூக்கும் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். எதிர் மலை. மூச்சு வாங்க ஏறினோம். பாறை பாறையாகப் போய் மண்டி போட்டாள், கண்ணாடியை வைத்தாள், எழுந்தாள்.

"சாதா" என்றாள். அடுத்த பாறை. "சாதா." அதற்கடுத்தது. "இதுவும் சாதா."

"என்னக்கா தேடறே?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"இன்னொரு இடத்துல இருந்துட்டா போதும் டைப்பு. ஒரே ஒரு செடி. நான் செஞ்சது அப்போ வெறும் தப்பாப் போயிடும்." முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "இல்லேன்னா அதுக்கு வேற பேரு."

பதினோரு மலை ஏறினாள். எல்லா இடத்திலும் சாதாதான்.

ஏழாம் வருஷம் வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். அந்த வெள்ளைப் பூவின் வகையறா முழுவதையும் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வருகிறாளாம். பின்னறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள், பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஏழு தாள்களோடு நடு அறைக்கு வந்தாள்.

"இந்தத் தாள்கள்ல ரெண்டு சீட்டு இருக்கு. முதல் சீட்டுல வேற இனம்னு இருக்கு. ரெண்டாவதுல சாதாரண இனம்னு இருக்கு. ரெண்டும் ஒரே கையெழுத்து. நான் மைக்ரோஸ்கோப்புல பார்த்தேன். முதல் சீட்டுதான் சரின்னு எனக்குத் தோணுது. எழுதினவங்களுக்கு ஏன் சந்தேகம் வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும்."

அக்கா தப்பித்திருக்கலாம். 'ஞாபகமில்லை' என்றால் முடிந்தது. அவள் தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

"சந்தேகம் வரல. ரெண்டாவது சீட்டு பொய். நான்தான் எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன்."

அந்தப் பெண் நின்றபடியே கேட்டாள், "அந்தச் செடி இப்போ எங்க இருக்கு?"

அக்கா பதில் சொல்வதற்குள் பன்னிரண்டு மணி வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் சத்தம் வந்த திசையைக் காட்டினாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அக்கா எழுதிக் கொடுத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்று செய்தேன். நாலு வரி. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நீங்க பக்கத்து மேசை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"நான் டைப் பண்றவ சார். சொன்னதை அடிப்பேன். எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அக்கா அதே அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவுமில்லை.

அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். குவாரியை நிறுத்தி வைத்தார்கள். முப்பத்தெட்டுக் குடும்பம் மறுபடி வீட்டில் உட்கார்ந்தது. முதல் வாரம் தெருக்குழாயில் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். இரண்டாம் வாரம் ஜன்னலில் கல் விழுந்தது. தம்பி மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "உங்களுக்கு மனசாட்சி உறுத்தினா நீங்க சாகணும். எங்களை ஏன் சாகடிக்கறீங்க அண்ணி?" என்று கேட்டாளாம். அக்காவே என்னிடம் சொன்னாள். "நியாயமான கேள்விதானே" என்றும் சொன்னாள்.

தம்பி தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அக்கா தினமும் காலையில் ஷெட் வாசல்வரை போய், தார்ப்பாய்க்குக் கீழே அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

நாலாம் மாதம் ஒரு குழு வந்து வடக்குச் சரிவைப் பார்த்தது. ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் போனாள். வழி காட்ட அக்காவையும் கூட்டிப் போனார்கள். அங்கே சரிவே இல்லை. நூறடிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். மேல் விளிம்பில் ஒரு வரிசைப் பாறை மிச்சமிருந்தது. அந்தப் பெண்ணும் அக்காவும் வயிற்றை மண்ணில் அழுத்திப் படுத்து இடுக்கு இடுக்காகப் பார்த்தார்கள். சாதா இருந்தது. நிறையவே இருந்தது.

குழு உண்மையைத்தான் எழுதியது: பாதுகாக்க வேண்டிய இனம் இப்போது இவ்விடத்தில் இல்லை. ஆகவே குவாரியைத் தடுக்கக் காரணமில்லை. ஏழாம் மாதம் மறுபடி திறந்தார்கள். முப்பத்தேழு பேரைத் திரும்ப எடுத்தார்கள். தம்பியை எடுக்கவில்லை.

அந்த ஏழு தாள்களிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் அறுபத்தோரு விதை எடுத்துப் போயிருந்தாள். ஈரக் காகிதத்தில் வைத்துப் பார்க்கிறேன், குளிர் கொடுத்துப் பார்க்கிறேன் என்று அவ்வப்போது எனக்குப் போன் செய்வாள். அக்காவிடம் போன் இல்லை. நான் போய்ச் சொல்வேன். அக்கா அப்போது ஒரு சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாள நூல் தைத்துக்கொண்டிருந்தாள். தன் தெருக்காரர்கள் கண்ணில் படாமல் செய்ய முடிந்த ஒரு வேலை. ஒவ்வொரு தடவையும் ஊசியை நிறுத்திவிட்டு, "எத்தனை பாக்கி?" என்று கேட்பாள். நாற்பது என்பேன். இருபத்திரண்டு என்பேன். கடைசியில் ஒன்றும் முளைக்கவில்லை என்று சொல்ல நான் போனபோது, என் முகத்தைப் பார்த்த பிறகு அவள் கேட்கவே இல்லை.

அந்தப் பெண்ணின் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் ஒரு கடிதம் வந்தது. இரண்டு இனங்களையும் முதலில் பிரித்தறிந்தவர் என்று அக்கா பெயரைப் போட விரும்புகிறேன், சம்மதமா என்று. அக்கா என்னை உட்காரவைத்து ஒரு பதில் அடிக்கச் சொன்னாள்.

"போடுங்கன்னு எழுது. ஆனா முழுசாப் போடச் சொல்லு. பிரிச்சதும் இவதான், தெரிஞ்சே மாத்திச் சொன்னதும் இவதான், அதனாலதான் அந்தச் செடி இப்போ இல்லைன்னு."

"அப்படியெல்லாம் கட்டுரையில போட மாட்டாங்கக்கா."

"ஏன் போட மாட்டாங்க? இலை எத்தனை மில்லிமீட்டர்னு போடறாங்க இல்ல?"

அடித்து அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து அச்சான கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், கூர்மையான கவனிப்புக்காக நன்றி என்று அவள் பெயர். அவ்வளவுதான். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அக்கா அந்தப் பக்கத்தை வாங்கி அவள் பெயர் இருந்த வரியை நகத்தால் தடவினாள்.

"என்னை நல்லவளாக்கிட்டாங்க" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் தம்பியைப் பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒரு கிடங்கில் காவல் வேலை, மனைவியும் பெண்ணும் திரும்பி வந்துவிட்டார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவோடு பேச்சு உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அந்தக் காற்றுக் குரலில் சொன்னான்:

"பொய் சொன்னப்போ என்கிட்ட கேக்கல. உண்மையைச் சொன்னப்பவும் கேக்கல. ஆனா எனக்காகத்தான் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்தா நான் எங்கே போய் நிக்கறது?"

வண்டி வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஒழுங்கா சாப்பிடறாளா?"

"சாப்பிடறா" என்றேன்.

ஏறி, நான் நின்ற பக்கத்து ஜன்னலை விட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.